‘கீப்’ என்ற வினைச்சொல்லும் ஒலுவிலுக்கு வந்த கொப்பியும்

அன்பான தம்பிமாரே, தங்கச்சிமாரே,

இந்த வருடம் சத்தியப்பிரமாணம் செய்து, இறப்பர் முத்திரையும் வெட்டிக்கொண்டு, ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். பிறப்புச் சான்றிதழை எப்படிப் பெயர்ப்பது, காணி உறுதியில் எல்லைகளை எப்படி எழுதுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு மாதிரிப் படிவங்கள் இருக்கின்றன. இப்போது உங்கள் கைப்பேசியே அரைவாசி வேலையைச் செய்து தந்துவிடுகிறது. நான் ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சின்னச் சொல். கீப்.

சேருக்கு வயது போய் மூளை குழம்பிவிட்டது என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நன்றாகச் சிரியுங்கள். நானும் உங்கள் வயதில் இப்படிச் சின்னச் சொற்களை மதிக்காதவன்தான். நீளமான சட்டச் சொல் வந்தால் அகராதியை எடுப்பேன். கீப், டேக், கெட் மாதிரியானவை வந்தால் பேனை தானாக ஓடும். கல்முனையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் கந்தோர். முப்பது வருடத்துக்கு மேல் அதில் இருந்து எழுதியவன் சொல்கிறேன்: என் பிழைகளில் முக்கால்வாசி பேனை தானாக ஓடிய இடங்களில்தான் நடந்தன.

எங்கள் ஊரில் ஒரு மனிதர் நோன்பு பிடிக்கிறார். கடை வைத்திருக்கிறார். கோழி வளர்க்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். மனைவி ஏசும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார். நமக்கு இதற்கெல்லாம் ஐந்து வினைச்சொற்கள் வேண்டும். ஆங்கிலேயனுக்குக் கீப் ஒன்றே போதும். விக்கெட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு நிற்பவனும் கீப்பர், களஞ்சியத்தின் திறப்பைக் கையில் வைத்திருப்பவனும் கீப்பர். பழைய கோட்டைகளின் நடுவில், எல்லாரும் விழுந்த பிறகும் கடைசியாகப் பதுங்கிக்கொள்ளும் பெரிய கோபுரத்துக்கும் அதே பெயர்தான்.

இவ்வளவு குடும்பம் பெருத்த சொல்லுக்குப் பிறப்பு எங்கே என்று பெரிய அகராதிகளைத் தேடிப் பார்த்தேன். தெரியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் திடீரென்று தலைகாட்டுகிறது. ஜெர்மன், ஒல்லாந்த மொழிகள் ஆங்கிலத்துக்குச் சாச்சி, பெரியம்மா முறை. அந்த வீடுகளில்கூட இதற்கு உறுதியான சொந்தக்காரர் இல்லை. இந்தச் சொல் பதிவு அலுவலகத்துக்கு வந்திருந்தால் தகப்பன் பெயர் எழுதும் கட்டத்தில் பதிவாளர் கோடு இழுத்துவிட்டிருப்பார்.

முதலில் அதற்கு இருந்த பொருளைக் கேளுங்கள். ‘தன்னிடம் வைத்துக்கொள்ளுதல்’ என்பது பிறகுதான் வந்தது. அந்தக் காலத்தில் அது கவனித்தல், கண் வைத்தல், எதிர்பார்த்திருத்தல், எட்டிப் பிடித்தல். ஆட்டை மேய்க்கிறவன் ஆட்டின் மேல் கண் வைக்கிறான், அது கீப். பெருநாளைக் கொண்டாடுகிறவன் நாளைத் தவறவிடாமல் பார்த்திருக்கிறான், அதுவும் கீப். பார்த்துக்கொள்வது மெல்ல மெல்லப் பாதுகாப்பதாகி, பாதுகாப்பது வைத்திருப்பதாகிவிட்டது. நாமும் ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்றுதான் சொல்கிறோம். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால் ஏச்சு விழும்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குத் தமிழ் எழுதுவது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தது எந்தப் புத்தகமும் இல்லை. ஒலுவிலில் ஒரு பிள்ளையும், வளைகுடா நாடொன்றில் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிய அவளுடைய கணவரும்தான். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “எழுதுங்க சேர், பேர மட்டும் மாத்திப் போடுங்க” என்றாள். ஆகவே நபீலா என்று வைத்துக்கொள்வோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நபீலாவின் மூத்த சகோதரர், அவளுடைய காக்கா, என் கந்தோருக்கு வந்தார். தங்கச்சியின் மாப்பிள்ளை வெளிநாட்டில் மாரடைப்பில் மௌத்தாகி ஒரு மாதம். ஜனாஸாவை அங்கேயே அடக்கிவிட்டார்கள். கடவுச்சீட்டும் கைப்பேசியும் வந்து சேர்ந்துவிட்டன. மற்றச் சாமான்களைப் பற்றிக் கம்பனி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. சாரன் இரண்டு, சேட் ஐந்து, தொழுகைப் பாய், மூக்குக் கண்ணாடி, சப்பாத்து, எழுதிப் பாவித்த பயிற்சிக் கொப்பி ஒன்று. இவற்றை அனுப்புவதா, அங்கேயே கொடுத்துவிடுவதா? மனைவி கையெழுத்திட்ட அறிவித்தல், முத்திரை குத்திய மொழிபெயர்ப்போடு வர வேண்டும். வியாழக்கிழமை அறையைக் காலி செய்கிறார்கள்.

“நீங்களே வீட்டுக்கு வரணும் சேர்,” என்றார் காக்கா. “தங்கச்சி இத்தாவில இருக்கா.”

உங்களில் பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கத்து இந்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கணவர் இறந்தால் எங்கள் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெள்ளை உடுத்தி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அவசியமான கதையென்றால் திரைக்குப் பின்னால் இருந்து கதைக்கலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அதற்கும் இடம் வைப்பதில்லை. முன்னறையில் ஆண்கள் கதைத்து முடிப்பார்கள். கடதாசி உள்ளே போகும், கையெழுத்தோடு வெளியே வரும். நானும் அப்படி எத்தனையோ கடதாசிகளை அனுப்பி எடுத்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. ஒலுவிலில் கடலுக்குக் கிட்டடியில், நபீலாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. முன்னறைக்கும் உள்ளறைக்கும் இடையில் பச்சைத் திரை. கதிரையில் இருந்துகொண்டு கடிதத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்தேன். உள்ளே யாரோ இருமியது கேட்டது. கொப்பி என்று வாசித்தபோது திரை அசைந்த மாதிரியும் இருந்தது. கடல் காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

“மௌத்தானவர்ட உடுப்ப இஞ்ச கொண்டு வந்து என்னத்துக்கு சேர்?” என்றார் காக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. “பாத்துப் பாத்து அழுதே அவள் முடிஞ்சி போவாள். எல்லாத்தையும் அங்கயே ஏழைகளுக்குக் குடுக்கச் சொல்லுங்க. அவருக்கும் நன்ம கிடைக்கும்.”

எனக்கு அது நல்ல கதையாகப் பட்டது. உண்மையிலேயே நல்ல மனிதர் அவர். மச்சானின் மரணச் செய்தி வந்த நாளிலிருந்து தன் வேலையை விட்டுவிட்டுத் தங்கச்சியின் காரியங்களுக்கே ஓடித் திரிகிறவர். ‘நான், இன்னாரின் மனைவி, இப்பொருட்கள் அனைத்தையும் தருமமாகக் கொடுத்துவிட விரும்புகிறேன்’ என்று எழுதினேன். கடதாசி திரைக்குப் பின்னால் போய் வந்தது. அழகான கையெழுத்து. பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் கல்முனைக்கு வந்துவிட்டேன். ஒரு துக்க வீட்டுக் காரியத்தைச் சுணங்காமல் முடித்துக் கொடுத்தேன் என்று எனக்குள் பெருமைகூட இருந்தது.

என் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்தவள் பாண்டிருப்புப் பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். நான் தங்கச்சி என்பேன், அவள் சேர் என்பாள். அந்த மரியாதை விளியோடு முடிந்துவிடும். நான் சொல்லும் ஆங்கிலத்தை அடித்துக்கொண்டே வந்தவள் இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

“சேர், இந்த ‘நான்’ ஆரு?”

“ஆரெண்டா? அந்தப் பெண்தான். மனைவி.”

“அவ என்ன சொன்னவ?”

“காக்கா சொன்னார். சாமானெல்லாம் தேவையில்ல எண்டு.”

“நான் காக்காவக் கேக்கல்ல சேர். அவ என்ன சொன்னவ?”

எனக்குச் சுரீரென்று வந்தது. கையெழுத்து இருக்கிறது, அதைவிட என்ன வேண்டும், உனக்கு எங்கள் வழமை தெரியாது, இத்தாவில் இருக்கும் பெண்ணை நான் விசாரணை செய்யவா என்று கத்திவிட்டேன். அடுத்த மேசையில் சத்தியக் கடதாசி எழுதிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி அடித்து முடித்தாள். நான் முத்திரை குத்தினேன். மின்னஞ்சல் போய்விட்டது. பின்னேரம் பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, “நாளைக்குக் காலம எனக்கு அரை நாள் லீவு வேணும்” என்று மட்டும் சொன்னாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கந்தோருக்கு வந்தாள். சேலை முந்தானை வியர்வையில் நனைந்திருந்தது. ஒலுவிலுக்குப் போய் வந்திருக்கிறாள். யாரென்றே தெரியாத வீட்டுக்குள் போய், “கல்முனை சேர்ட கந்தோரில இருந்து வாறன், துக்கம் விசாரிக்க வந்தனான்” என்றிருக்கிறாள். பெண்ணல்லவா, திரையை விலக்கி உள்ளே விட்டிருக்கிறார்கள். பாயில் பக்கத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் கதைத்திருக்கிறாள்.

அவள் கேட்டு வந்ததை அப்படியே சொல்கிறேன்.

நபீலா சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள். கணவர் எட்டாம் வகுப்பு. களஞ்சியத்தில் பெட்டி தூக்கியவருக்கு ஸ்டோர் கீப்பர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்கு ஆங்கிலம் வேண்டும். ஆகவே இருவரும் பாடம் தொடங்கினார்கள். பெட்டியிலோ வாசல் பலகையிலோ காணும் சொற்களைக் கொப்பியின் இடப் பக்கத்தில் அவர் எழுதிக்கொள்வார். பின்னேரம் போனில் கோல் எடுத்து வாசிப்பார். அவள் தமிழ் சொல்வாள். அதை வலப் பக்கத்தில் எழுதுவார். ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு கிழமை என்று கணக்கு. கீப்புக்கு வந்ததும் கணக்குக் குழம்பிவிட்டது. அந்தக் களஞ்சியத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது இருந்தது. “இது முடியாது போல நபீலா, நான் கீப்பர் ஆகினாலும் கீப் முடியாது” என்று சிரிப்பாராம்.

பிறகு ஒரு நாள், இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார் அவர். அவளைக் கேட்கவில்லை. வருவார் வருவார் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் கோபத்தில் போனை வைத்துவிட்டாள். அடுத்த நாள் அவர் மூன்று தரம் எடுத்தார். அவள் தூக்கவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் அவர் எடுக்கவே இல்லை. நான்காம் நாள் காலையில் மௌத்துச் செய்தி சொல்ல எடுத்தது அவரோடு அறையில் இருந்தவர்.

“அந்த மூண்டு நாளும் அவர் என்ன நினைச்சாரெண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியா சேர்,” என்றாள் தங்கச்சி. “தன்ன வெறுத்துட்டுப் போனாரோ எண்டு சோறு இறங்குதில்ல. கொப்பில அந்த நாளுகளில ஏதும் எழுதியிருந்தா, தன்ன நினைச்சிருக்கார் எண்டு தெரியுமாம். எழுதாம விட்டிருந்தாலும் பரவாயில்ல, தெரிஞ்சாப் போதுமாம். உடுப்பெல்லாம் குடுக்கட்டும், கொப்பி மட்டும் வேணுமெண்டு உள்ளுக்க இருந்து மெல்லமாச் சொல்லியும் இரிக்கா. ஆருக்கும் கேக்கல்ல. சண்ட பிடிச்சத காக்காட்ட எப்படிச் சொல்லுற?”

இருமலும் அசைந்த திரையும் எனக்கு நினைவுக்கு வந்தன. நான் அங்கே இருந்தேன். காதும் இருந்தது. கவனிப்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிவிட்டு வந்தேன்.

தங்கச்சி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நபீலா சொல்லச் சொல்ல இவள் எழுதி, அதே அழகான கையெழுத்தை வாங்கிய புது அறிவித்தல். ஒரே வரி: ‘உடுப்புகளைக் கொடுத்துவிடுங்கள், கொப்பியை எனக்கு அனுப்புங்கள்.’

இப்போது இளையவர்களாகிய நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். முந்திய அறிவித்தல் என் முத்திரையோடு போய்விட்டது. அது பிழை என்று எழுதினால், மனைவியின் வாயால் ஒரு சொல்லும் கேட்காமல் மனைவியின் பெயரில் எழுதினேன் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை யாராவது நீதிமன்றத்துக்கு அனுப்பினால் என் பதிவு போகும். வேறு வழிகளும் இருந்தன. ‘விதவை மனம் மாறிவிட்டார்’ என்று எழுதலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பழி அவள் தலையில் விழும், என் தலை தப்பும். பொய் சொல்லவா வேண்டாமா என்று ஐந்து நிமிடமாவது யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

“நேரம் போகுது சேர்,” என்றாள் தங்கச்சி.

‘நேற்று நான் அத்தாட்சிப்படுத்திய அறிவித்தல் மனைவியின் வாய்மொழியைக் கேளாமல் எழுதப்பட்டது. தவறு முழுவதும் என்னுடையது’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அடித்தாள். முத்திரை குத்தினேன். அனுப்பிவிட்டு, அது போதாது என்று கடிதத்தின் அடியில் இருந்த இலக்கத்துக்குக் கோல் எடுத்தேன். அங்கே அப்போதுதான் கந்தோர் திறந்திருந்தார்கள்.

எடுத்தவர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது. என்னைப் போலவே பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம். பொறுமையான குரல். விசயத்தைச் சொன்னேன். “அடடா, அறையை ஒரு நாள் முந்தி, இன்று விடியவே காலி செய்துவிட்டார்களே,” என்றார் அவர். “உடுப்புகளைத் தரும வண்டி எடுத்துப் போய்விட்டது.”

“கொப்பி?”

“கொப்பியை அவர்கள் எடுத்திருக்கமாட்டார்கள். குப்பைப் பையில் போட்டுப் பின்பக்கம் வைத்திருப்பார்கள். இருங்கள், போய்ப் பார்க்கிறேன். லைனை வெட்ட வேண்டாம்.”

அவர் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. நீதிமன்றத்தில் வழக்குகளுக்காக மணிக்கணக்காகக் காத்திருந்தவன் நான். அந்தச் சில நிமிடங்களைப் போல் எதுவும் நீண்டதில்லை. தங்கச்சி எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், கதிரையில் இருக்கவில்லை. அவள் உதடு அசைந்தது. தன் அம்மனைக் கூப்பிட்டிருப்பாள். நான் துஆ ஓதிக்கொண்டிருந்தேன்.

மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். “நீல மட்டையா?”

எனக்கு என்ன தெரியும்? தங்கச்சியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது. “உள்ளே இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறதா? ஒரு பக்கம் ஆங்கிலம்?” என்று கேட்டேன்.

“ஓம். மற்றப் பக்கம் உங்கள் எழுத்தாக இருக்க வேண்டும். வட்டம் வட்டமாக இருக்கிறது.”

“ப்ளீஸ் கீப் இட்,” என்றேன். எத்தனையோ வருட ஆங்கிலத்தில் அவ்வளவுதான் வந்தது.

“ஐ வில் கீப் இட், சேர்,” என்றார் அவர். பெயர் கேட்க மறந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த மனிதருக்காக துஆக் கேட்கிறேன்.

அடுத்த வேலை அதைவிடக் கஷ்டம். காக்காவைக் கந்தோருக்குக் கூப்பிட்டேன். நபீலாவின் சண்டை அவளுடைய சொந்தக் கதை. அது என்னிடம் நம்பி ஒப்படைத்த அமானிதம், அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவே என் பிழையை மட்டும் சொன்னேன். மனைவியை நேரே கேட்காமல் நான் எழுதியது முறையில்லை, கொப்பி மட்டும் தேவை என்று அவ சொல்லியிருக்கிறா, திருத்தி அனுப்பிவிட்டேன்.

“என்ட தங்கச்சிய எனக்குத் தெரியாதா சேர்?” என்றார். முகம் கறுத்துவிட்டது. “அவளுக்கு நல்லதெண்டுதானே நான் சொன்ன.”

“ஓம் தம்பி, உங்கட மனசில பிழை இல்ல. பிழை என்ட வேலைல.”

அவர் சலாம் சொல்லாமல் எழும்பிப் போனார். அதற்குப் பிறகு பள்ளிவாசலில் கண்டாலும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மனவருத்தம்தான். ஆனால் அவருக்கு உண்மையான காரணத்தைச் சொல்லி என்னை நல்லவனாக்கிக்கொள்ள மனம் வரவில்லை.

விடுமுறையில் வந்த நிந்தவூர்க்காரர் ஒருவர் கையில் பொதி வந்தது. தடித்த கடித உறை, நாலு பக்கமும் ஒட்டி, என் கந்தோர் விலாசம் எழுதியிருந்தது. தங்கச்சியும் நானும் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால், கெட்ட செய்தியானால் பக்குவமாகச் சொல்லலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். தங்கச்சி என் கையைப் பார்த்தாள். திரும்ப மேசை லாச்சிக்குள் போட்டேன்.

ஒலுவிலுக்கு இருவருமாகப் போனோம். இத்தா முடிய இன்னும் சில கிழமைகள் இருந்தன. கதவைத் திறந்தவர் காக்கா. கதைக்கவில்லை, ஆனால் கதிரையை இழுத்துப் போட்டார். தங்கச்சி உறையை எடுத்துக்கொண்டு பச்சைத் திரைக்குள் போனாள். நான் முன்னறையில் இருந்தேன். காக்கா வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

உறை கிழியும் சத்தம் கேட்டது. பிறகு தாள் புரளும் சத்தம். ஒவ்வொரு தாளாக, அவசரமில்லாமல். நடுவில் எங்கேயோ ஒரு சின்னச் சிரிப்பு. அதற்குப் பிறகு புரளவில்லை.

“சேர்.”

அதுதான் நான் கேட்ட அவளுடைய முதல் சொல். இத்தனை கடதாசி, இத்தனை முத்திரை, அப்போதுதான் எனக்கு அந்தப் பிள்ளையின் குரல் தெரிந்தது.

“சொல்லுங்க மகள்.”

“நீங்க இதப் பாத்தீங்களா?”

“இல்ல மகள். ஒட்டினபடிதான் கொண்டு வந்தம்.”

“அப்ப நான் வாசிக்கிறன்.” அவள் வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். ஒன்றுக்கும் நான் அப்படித் தமிழ் எழுதியிருக்கமாட்டேன். கீப் ட்ரை: நனைய விடாதே. கீப் அவுட்: உள்ளே வராதே. கீப் கிளியர்: வழியை மறிக்காதே. கீப் கோயிங்: நிண்டுராத. ‘வைத்துக்கொள்’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. சொல்லைப் பார்க்காமல், அதைப் பெட்டியில் எழுதியவனின் மனதில் என்ன இருந்தது என்று பார்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் கீப்புக்கு நான் வைத்திருந்த பழைய சொற்பட்டியலில் பாதியை வெட்டிப் புதிதாக எழுதினேன்.

வாசித்துக்கொண்டு வந்தவள் நின்றாள். “இதுக்குப் பொறகு மூண்டு இரிக்கி சேர். ஒரு நாளைக்கு ஒண்டு, திகதி போட்டு. கீப் ஷட். கீப் யுவர் டிஸ்டன்ஸ். கீப் ஃப்ரோசன். மூண்டும் பெட்டியிலயும் கதவுலயும் கிடந்த சொல்லுதான். கோவத்தில எழுதினது இல்ல. வலப் பக்கம் ஒண்டும் எழுதல்ல. இடம் விட்டிரிக்கார்.”

காக்கா திரும்பி என்னைப் பார்த்தார். “என்ன மூண்டு நாள் சேர்?” என்று மெல்லக் கேட்டார். உள்ளேயிருந்து அவளே சொன்னாள். சண்டை பிடித்ததை, போன் தூக்காமல் விட்டதை, சோறு இறங்காததை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்து தன் காக்காவுக்குச் சொன்னாள். அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சாரன் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்னட்டச் சொல்லியிரிக்கலாமே கிளி,” என்றார்.

நீங்கள் இந்தத் தொழிலில் இன்னும் எத்தனையோ திரைகளுக்கு முன்னால் உட்காருவீர்கள். நோயாளி படுத்திருப்பார், வைத்தியரும் மகனும் கதைப்பார்கள். வழக்காளி வாய் மூடி நிற்பார், சொந்தக்காரர் விளக்கம் சொல்வார். சொல்கிறவர் நல்லவராகவே இருப்பார். ‘நான்’ என்று எழுதத் தொடங்கும் முன் அந்த ‘நான்’ யாரென்று பார்த்து, அவர் வாயிலிருந்து ஒரு சொல்லாவது கேளுங்கள். உங்களுக்கு உள்ளே போக வழியில்லையென்றால், போகக் கூடியவரை அனுப்புங்கள். அனுப்பும்படி யாராவது சொன்னால் அவர்மேல் கத்தாதீர்கள். தங்கச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்டது ஒலுவிலில் இருந்து திரும்பும் பஸ்ஸில்தான். “கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளு” என்றேன். “எந்தக் கத்தினதுக்கு சேர், கனதரம் கத்தியிரிக்கிறீங்களே” என்றாள்.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு நாங்கள் இன்னும் அந்த முன்னறையில்தான் இருந்தோம். திரைக்குள்ளிருந்து, “பேனை ஒண்டு தருவீங்களா சேர்?” என்று கேட்டாள் நபீலா. என் சட்டைப் பையில் இருந்த பேனையைத் தங்கச்சி வந்து வாங்கிக்கொண்டு போனாள். தாளில் பேனை ஓடும் சத்தம் முன்னறைக்குக் கேட்டது. முதலாவதை எழுதினாள். இரண்டாவதையும் எழுதினாள். மூன்றாவதில் நின்றுவிட்டது.

“சேர்,” என்றாள். “கீப் ஃப்ரோசனுக்கு ‘உருக விடாதே’ எண்டு எழுதினாச் சரியா?”

சரி மகள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை மட்டும்தான் ஆடியது. தங்கச்சி திரையை ஒரு விரல் அளவு விலக்கி என்னைப் பார்த்தாள்.

“சேர் ஓம் எண்டுறார்,” என்றாள் உள்ளே திரும்பி. “எழுது புள்ள.”